பதினேழாம் கேள்வியின் விடைக்குறிப்பு

அந்த ஒற்றைத் தாளைப் படித்து முடித்ததும் பாயிண்ட் மேடத்துக்குக் கோபம் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. மணி காலை பத்தேகால்கூட ஆகவில்லை. பெரிய கூடம், மேசைக்கு ஐந்து ஆசிரியர்கள், தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் மின்விசிறிகள். பல கல்லூரி மாணவர்கள் எழுதிய அரசியல் அறிவியல் விடைத்தாள்களை அங்கே மூன்று நாளாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பெயர் இருந்த முகப்பைக் கிழித்து எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருப்பார்கள். எழுதியது யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல விடைக்குறிப்பு ஒன்று வரும். விடைத்தாள் திருத்தும் அந்த முகாமில் அதற்குப் பெயர் 'கீ'. கீ என்ன சொல்கிறதோ அதுதான் அங்கே சட்டம்.

பதினேழாம் கேள்விக்கான கீ மட்டும் அன்று காலைதான் வந்து சேர்ந்தது; அதுவரை அந்த விடையைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். கேள்வி இது: எதிர்க்கட்சியின் பணிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக. பத்து மதிப்பெண். கீ சொன்ன விடை இது: அரசாங்கத்துடன் ஒத்துழைத்தல், அரசாங்கத்தின் திட்டங்களை மக்களிடம் கொண்டுசேர்த்தல், அவையில் அமைதி காத்தல். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். மிச்சம் ஒன்று எடுத்துக்காட்டுக்கு. அந்த எடுத்துக்காட்டையும் கீயே கொடுத்திருந்தது: வீட்டில் அண்ணன் சமைத்தால் தம்பி பாத்திரம் கழுவுவது போல.

அவையில் அமைதி காக்க எதற்கு ஒரு கட்சி? அதற்கு நாலு நாற்காலி வாங்கிப் போட்டால் போதாதா?

பதினோரு வருடமாகக் கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறவள் அவள். 'பாயிண்ட் என்னன்னா' என்று ஆரம்பிக்காமல் அவளுக்குப் பேச்சு வராது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், நாளடைவில் சக ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே கூப்பிடும் பெயராகிவிட்டது. அவள் தாளைப் பக்கத்து நாற்காலிப் பக்கம் தள்ளினாள்.

"சார், இதைப் பாத்தீங்களா?"

பக்கத்தில் இருந்தவர் ஸ்பீடு சார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாற்பது தாள் முடித்துவிடுவார். விடையைப் படிக்கிறாரா, பக்கத்தை எண்ணுகிறாரா என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையிலான விவகாரம்.

"பாத்தேன் மேடம். மூணு பாயிண்டும் குட்டி குட்டியா இருக்கு. ரொம்ப வசதி."

"எதிர்க்கட்சியோட வேலை ஒத்துழைக்கிறதாம் சார். இதைப் படிச்சா உங்களுக்கு வயிறு எரியலையா?"

"எனக்குப் பசிச்சாதான் வயிறு எரியும்," என்று சொல்லிவிட்டு ஸ்பீடு சார் அடுத்த தாளைப் புரட்டினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கட்டைப் பிரித்தாள். முதல் ஏழு தாளிலும் அண்ணன் சமைத்தான், தம்பி கழுவினான். வரி பிசகாமல், கமா பிசகாமல். எல்லாரும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். கை தானாகப் பத்து பத்து என்று போட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு பத்துக்கும் அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

எட்டாவது தாளின் எண் 418. கோழி கிண்டிய கையெழுத்து. ஆனால் எழுதியிருந்த விஷயம் வேறு. அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது, சட்டம் போடும் முன்பே அதன் ஓட்டையைக் காட்டுவது, ஆளுங்கட்சிக்கு வாக்களிக்காதவர்களின் குரலை அவைக்குக் கொண்டுவருவது, நாளைக்கே ஆட்சி கைக்கு வந்தால் நடத்தத் தயாராக மாற்றுத் திட்டம் வைத்திருப்பது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

'வழிகாட்டியில் அண்ணன் சமைத்தால் தம்பி பாத்திரம் கழுவுவான் என்று இருக்கிறது. கழுவட்டும். ஆனால் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் அதைச் சொல்வதும் தம்பி வேலைதான். சொன்னால் அண்ணன் அடிப்பான் என்று பயந்து சாப்பிடும் வீட்டில் அண்ணன் தம்பி உறவு இல்லை, முதலாளி தொழிலாளி உறவுதான் இருக்கிறது.'

பாயிண்ட் மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. பின் மற்ற விடைகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்து நாலு. தேற நாற்பது வேண்டும். கீயின்படி போட்டால் இந்த விடைக்கு, போனால் போகிறது என்று, தம்பி பெயர் வந்ததற்காக ஒரு மதிப்பெண் போடலாம். முப்பத்தைந்து. பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதிய ஒரே பிள்ளை, புரிந்துகொண்ட குற்றத்துக்காகவே தோற்கப்போகிறது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமைத் தேர்வாளரிடம் போனாள். கூடத்தின் கோடியில், பச்சைத்துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தை முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறவரைப் போலக் கடந்துகொண்டிருந்தார்.

"சார், பாயிண்ட் என்னன்னா, பதினேழுக்குக் கீ தப்பு."

"கீ தப்பாகாதும்மா. கீக்கு மாறா இருக்கிறதுதான் தப்பு."

"இதைப் படிச்சுப் பாருங்க சார். இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறதுல எது தப்பு?"

அவர் படிக்கவில்லை. தாளைத் தொடக்கூட இல்லை. "படிச்சா நமக்குன்னு ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்தா வேலை ஓடாது. நீங்க கொண்டுபோய்க் கீல இருக்கிறபடி போடுங்க."

"அரசியல் பாடம் நடத்துறவங்க நாம. நாமளே இப்படிப் போட்டா எப்படி சார்? பாடப்புத்தகத்தையாவது பாருங்க."

"பாத்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாடத்தைக் குறைச்சாங்கல்ல, அப்ப அந்தப் பகுதியை எடுத்துட்டாங்க. 'எதிர்க்கட்சி முக்கியப் பங்கு வகிக்கிறது'ன்னு ஒத்தை வரிதான் மிச்சம். என்ன பங்குன்னு வழிகாட்டியிலதான் இருக்குது. கீ போட்டவங்களும் அதைப் பாத்துதான் போட்டிருப்பாங்க." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுங்க. மூணு மணிக்கு மேசைத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசிடலாம். ஆனா சும்மா வாயால சொன்னா எடுபடாது. ஆதாரம் வேணும்."

ஆதாரமாம்! எதிர்க்கட்சி என்றால் எதிர்ப்பதும் உண்டு என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். தண்ணீர் நனைக்கும் என்பதற்கும் நாளைக்கு அத்தாட்சி கேட்பார்கள். அவள் அங்கேயே நின்று ஆட்சேபணையை எழுதினாள். கோபத்தில் பேனா முனை இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

மதிய இடைவேளையில் வாசலில் டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் தம்பிக்குப் போன் போடுவது அவள் வழக்கம். கணவர் அறிவுரை சொல்வார், அண்ணன் பதிலுக்குத் திட்டுவான். தம்பி ஒருவன்தான் தன் கைபேசிக் கடையில் உட்கார்ந்து யாருடைய போனையோ பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான்.

"ஏன்டா, ஒரு அநியாயத்தைக் கேளு," என்று ஆரம்பித்தாள். கேள்வி என்ன, தாள் என்ன என்று சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால் விஷயத்தைப் பூசி மெழுகினாள். "எவனோ ஒரு அறிவாளி எழுதி வெச்சிருக்கான்டா. எதிர்க்கட்சின்னா அண்ணன் சமைச்சதும் பாத்திரம் கழுவுற தம்பி மாதிரியாம்."

மறுமுனையில் திருப்புளியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா இளிப்பு?"

"அக்கா, அது எவனோ இல்ல, நீதான். மறந்துட்டியா? நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல உன் ஸ்டூடண்ட் ஒருத்தன் கடைக்கு வந்து, 'மேடம் சொன்ன பாத்திரம் கழுவுற தம்பி நீங்கதானா?'ன்னு கேட்டான். நான் வந்து உன்கிட்ட சண்டை போட்டேனே. ரெண்டு நாள் பேசாம இருந்தேனே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பவே கேக்கணும்னு நெனச்சேன்க்கா," தம்பி விடவில்லை. "அண்ணன் சமைச்சதை மனுஷன் வாயில வைக்க முடியுமா? ஒரு நாளாவது நான் வாயைத் திறந்தா, 'கம்முனு தின்னுட்டுக் கழுவு'ன்னு நீதானே என் தலையில குட்டுவே?"

அவள் போனை வைத்தாள். சாப்பாட்டு டப்பா மடியில் திறக்காமலே இருந்தது. அன்றைய வகுப்பு முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்ததோ, அவ்வளவு தெளிவாக வந்தது.

அப்போது அவள் தற்காலிக ஆசிரியை. சேர்ந்து ஏழு மாதம். கரும்பலகையில் 'எதிர்க்கட்சியின் பணிகள்' என்று எழுதி, 'ஒன்று, கேள்வி கேட்டல்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கல்லூரி முதல்வர் ஒருவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கூட வந்தவர் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பவர், ஆளுங்கட்சியில் பெரிய கை. "நீங்க நடத்துங்கம்மா, நாங்க சும்மா பாக்கிறோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே திரும்பினாள், துடைப்பானைத் தேடக்கூட நேரமில்லாமல் உள்ளங்கையாலேயே 'கேள்வி கேட்டல்' என்பதை அழித்தாள், அந்த இடத்தில் 'ஒத்துழைத்தல்' என்று எழுதினாள். முன் பெஞ்சில் ஒரு பெண் அழிந்த இடத்தைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். அண்ணன் தம்பி உதாரணம் வாயில் தானாக வந்தது. கடைசி பெஞ்சில் அந்தப் பெரிய கை தொடையில் தட்டிச் சிரித்தார். "பொண்ணு நல்லா நடத்துது" என்றார். அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமானது.

அடுத்தடுத்த வருடங்களில் அவள் சரியாகத்தான் நடத்தினாள். கேள்வி கேட்டலை எந்தப் பலகையிலிருந்தும் மறுபடி அழிக்கவில்லை. ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேரைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர்களில் யாரோ ஒருவரின் நோட்டு, நகலெடுக்கும் கடைக்குப் போய், அங்கிருந்து வழிகாட்டிக்குப் போய், வழிகாட்டியிலிருந்து கீயாகி இன்று காலை அவள் மேசைக்கே வந்திருக்கிறது. காலையிலிருந்து யாரை அவள் மனசுக்குள் கோழை, அடிவருடி என்று வசை பாடிக்கொண்டிருந்தாளோ, அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அவமானத்தில் காது மடல் வரை சுட்டது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு எண்ணம் வந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால், அந்த எண்ணம் ஒரு கணத்தோடு போகவில்லை, டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துக் கை கழுவிவிட்டு வரும் வரைக்கும் கூடவே வந்தது.

மூன்று மணிக்குப் பக்கத்து அறையில் கூடினார்கள். தலைமைத் தேர்வாளர், ஆறு மேசைத் தலைவர்கள், நுனி நாற்காலியில் இவள். காலையில் தேநீர் வரிசையில் "ஆமா மேடம், அநியாயம்தான்" என்று சொன்ன இரண்டு பேர் இப்போது தங்கள் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

தலைமைத் தேர்வாளர் ஆட்சேபணையை வாசித்தார். பிறகு வழிகாட்டியை எடுத்து முன்னுரையைத் திறந்தார்.

"இது பத்து வருஷமா ஓடுற புத்தகம். 'அனுபவமிக்க பேராசிரியரின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொகுத்தது'ன்னு போட்டிருக்காங்க. நூத்துக்கணக்கான பிள்ளைங்க இதைப் படிச்சுப் பாஸாயிருக்காங்க. நீங்க சொல்றது உங்க ஒருத்தரோட அபிப்பிராயம். அனுபவமிக்க பேராசிரியரை மறுக்க உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கும்மா?"

"அந்த அனுபவமிக்க பேராசிரியர் நான்தான் சார்."

தலைமைத் தேர்வாளர் முன்னுரையை மறுபடி பார்த்தார்.

"அப்ப எனக்கு அனுபவம் ஏழு மாசம்," என்றாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. கரும்பலகை, கடைசி பெஞ்சு, உள்ளங்கை, முன் பெஞ்சுப் பெண் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "பாயிண்ட் என்னன்னா, இது விடையே இல்ல. என் பயம். என் பயத்தைத்தான் பத்து வருஷமா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. அதுக்கு நாம பத்துக்குப் பத்து போட்டுட்டு இருக்கோம்."

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பேச்சில் நிஜமான கனிவு இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்குன்னு கேள்விப்பட்டேன். தெரிஞ்சே தப்பாப் பாடம் நடத்தினேன்னு நீங்களே சொன்னா அது எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா? இங்க பேசினது இந்த அறையோட போகட்டும். எல்லாரும் ஏத்துக்கிட்ட விடை, அதுவும் நீங்களே சொன்ன விடை. அப்படியே விட்டுடலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

"நஷ்டமில்லயா? சரியா எழுதின பிள்ளை ஃபெயில் சார்!"

"ஒண்ணு ரெண்டு பேர் அப்படி..."

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"அன்னைக்கு நான் யாருக்குப் பயந்து அப்படிச் சொன்னேன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேரோட தர்றேன். நீங்க இன்னைக்கு யாருக்குப் பயந்து அதை ஏத்துக்கறீங்கன்னு நீங்களும் எழுதிக் கொடுங்க. ரெண்டையும் ஒண்ணா மேல அனுப்பலாம். ஒவ்வொருத்தரும் எழுதுங்க. கடைசி பெஞ்சுல இன்னைக்கு யார் உக்காந்திருக்காங்க? எனக்கு யாரும் தெரியலையே!"

ஆறு மேசைத் தலைவர்களும் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பயமுறுத்த யாராவது ஒருவர் இருந்திருந்தால் அவர் பெயரையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லை. கீயை மாற்றக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை, எங்கிருந்தும் போன் வரவில்லை. யாருக்காவது பிடிக்காமல் போய்விடுமோ என்று ஏழு படித்த மனிதர்கள் தாங்களாகவே பயந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் தன் கடிதத்தை எழுதத் தொடங்கினாள். அரைப் பக்கம் முடிந்தபோது தலைமைத் தேர்வாளர் கீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பதினேழாம் கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'பொருத்தமான பிற பணிகளை எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் அளிக்கலாம்.' யாருக்குப் பயம் என்று எழுதுவதைவிட அந்த வரியை எழுதுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. பழைய விடையை அடிக்கச் சொல்லி அவள் கேட்டாள். அதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருத்தி முடித்த தாள்களில் பதினேழை மறுபடி பார்க்க வேண்டும் என்று அறிவித்ததும் கூடம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. எல்லா மேசையிலிருந்தும் பாயிண்ட் மேடத்தின் தலையில் சாபம் விழுந்தது. விழட்டும் என்று அவள் நிமிர்ந்தே நடந்தாள். ஆனால் அவள் இருக்கையில் தாள்கட்டு இல்லை. விடையோடு சம்பந்தப்பட்டவர் திருத்தக் கூடாது என்று அதை ஸ்பீடு சாரிடம் மாற்றிவிட்டிருந்தார்கள். அவர் 418-ஐ விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவை மூடாமல், உதட்டை அசைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களால என் வேகமே போச்சு மேடம்," என்றார் தலையைத் தூக்காமல். "இந்த ஒரு கேள்விக்கே ஏழு நிமிஷம். எவ்வளவு போடலாம்னு சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாது சார். நீங்கதான் படிச்சீங்க, நீங்களே போடுங்க."

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு எட்டு என்று போட்டு, மொத்தத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். "கையெழுத்துக்கு ரெண்டு குறைச்சுட்டேன்," என்று முனகிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அதையும் படிக்கத்தான் ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்கு அலுவலக எழுத்தர் அவளைத் தேடி வந்தார். அவள் கொடுத்த கடிதத்தை உறையில் போட்டு மேலே அனுப்பியாயிற்று என்றார். கூடவே ஒரு ஆணையை நீட்டினார். மறுநாளிலிருந்து அவள் முகாமுக்கு வர வேண்டியதில்லை. காரணம் என்ற இடத்தில் தட்டச்சில் ஒரே வரி இருந்தது: 'முகாம் பணிகளுக்கு ஒத்துழைப்பு அளிக்காமை.'

"ஆட்சேபணை இருந்தா கீழ எழுதலாம் மேடம்," என்றார் எழுத்தர், பாவம், தரையைப் பார்த்தபடி.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்க வேண்டிய ஆர்டர்," என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள்.